வேலிக்கு இரண்டு முற்றம்

கச்சான் காற்று ஓய்ந்து வாடை பிறக்கும்வரை உள்ள சில கிழமைகள்தாம் கல்முனைக் கரையில் வேலிக்காலம். ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்று கிடுகை முறுக்கிக் கிழித்திருக்கும்; கட்டுக்கயிறு தளர்ந்திருக்கும். ஐப்பசியில் மழை இறங்கினால் மணல் நெகிழ்ந்து கட்டைகள் சாயும். அதற்கு முந்திக்கொள்ளவே மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் புரட்டாதியில் வேலிக்காரரைத் தேடி ஆள் அனுப்புவார்கள். சாய்ந்தமருதில் அப்படித் தேடப்படுகிறவர் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். ஊருக்கு அவர் ‘வேலிக் காக்கா’. புது வேலியும் அடைப்பார். ஆனாலும் ஆட்கள் அவரிடம் வருவது பெரும்பாலும் பழைய வேலிக்காகத்தான்.

வந்ததும் அலவாங்கைத் தூக்க மாட்டார். கூப்பிட்டவரின் வளவுக்குள் வேலி நெடுக ஒருமுறை நடப்பார். பிறகு தெருவால் சுற்றிப் போய், அடுத்த வீட்டுக் கடப்படியில் நின்று ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, அந்தப் பக்கமும் நடப்பார். ஒரு பக்கம் மட்டும் பார்த்து வேலிக்கு வைத்தியம் செய்ய முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். கட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கட்டுக்கம்பியின் முடிச்சு எந்த முற்றத்தைப் பார்க்கிறது, யாருடைய கிணற்றடித் தண்ணீர் வேலியடியில் போய்த் தேங்குகிறது எல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். உக்கிப்போன கட்டைகள் நான்கு வரிசையாக இருந்தால் அவற்றுக்கு நேர் எதிரே ஒரு குளிக்குமிடமோ பாத்திரம் கழுவுமிடமோ இருப்பதை அவர் பலமுறை காட்டியிருக்கிறார். கட்டையை மாற்ற முன் தண்ணீருக்கு வழி வெட்ட வேண்டும். அதைச் செய்யாமல் புதுக்கட்டை நட்டால் அதுவும் அதே இடத்தில் உக்கும்.

உக்கலைக் கண்டுபிடிக்க அவரிடம் இருப்பது அலவாங்கின் பின்புறமும் காதும். இடுப்புயரத்தில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. மேலே ‘டங்’ என்றும் கீழே ‘பொத்’ என்றும் கேட்டால் மண்மட்டத்தில் நோய். மரத்தை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்றுக் குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சந்திக்கும் இடம் மண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழுமான பகுதி. எனவே பழைய வேலியில் பெரும்பாலான கட்டைகள் உயிரோடுதான் இருக்கும். கழுத்து மட்டும் போயிருக்கும்.

“காக்கா, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டிட்டுப் புதுசா நடுவமா?” என்று இளைய வீட்டுக்காரர் கேட்பார்.

“என்னத்துக்குத் தம்பி? இது வீரை. உங்கட மூத்தவாப்பா நட்டது. இப்பிடிக் கட்டை இனி எங்க எடுக்கப் போறிங்க? பக்கக்கட்டை போடுவம். மறுகா பாருங்க, இன்னும் எத்தின மாரி நிக்கிது எண்டு.”

வீரையும் பாலையும் முதிரையும் ஒரு காலத்தில் மேற்கே காட்டிலிருந்து வண்டியில் வந்தவை. இன்று அந்த மரங்களை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். காடும் அன்றைய காடாக இல்லை. அதனால் பழைய கட்டையைக் காப்பாற்றுவதே அவர் தொழிலின் பெரும்பகுதி ஆகிவிட்டது. உக்கிய கட்டைக்கு அருகே, பழைய குழியைத் தொடாமல், குட்டையான இன்னொரு கட்டையை ஆழமாக இறக்கி, இரண்டையும் இரண்டு இடத்தில் கம்பியால் வரிந்து இறுக்குவார். அதுதான் பக்கக்கட்டை. உக்கிய அடி மண்ணோடு போனாலும் மேற்கட்டை குட்டையின் தோளில் நின்றுகொள்ளும். குட்டைக்குப் பனையின் வைரம் நல்லது. அதன் அடியில் கழிவு ஒயில் பூசி, சில நாள் காயவிட்டு நடுவார்.

மணலில் கட்டை நிற்பது வேறு கணக்கு. கல்முனைக் கரை ஒரு நீண்ட மணல் திட்டு; கிழக்கே கடல், மேற்கே வயல். ஆறடி வேலிக்கு இரண்டடி குழி போதும் என்பது களிமண்ணுக்குச் சொன்னது. கடற்கரை வீதிப் பக்கம் அவர் இரண்டரை அடிக்குக் குறைந்து இறக்குவதில்லை. குழியை மூடும்போது கொஞ்சம் மணல், கொஞ்சம் தண்ணீர், பிறகு அலவாங்கின் மொட்டை நுனியால் குத்து. மறுபடி மணல், தண்ணீர், குத்து. தண்ணீர் மணலை இறுக வைக்கும். இளம் கையாட்கள் மண்ணை மொத்தமாகத் தள்ளி மேலே மிதித்துவிட்டு அடுத்த குழிக்குப் போகப் பார்ப்பார்கள். அவர் அதை விடுவதேயில்லை. மேற்கே, வயலை நிரப்பி எழுந்த குடியிருப்புகளில் இன்னொரு தொல்லை: நிரப்பிய மண் பல வருடம் தாழ்ந்துகொண்டே இருக்கும். அங்கே மூலைக்கட்டைக்கு இரு திசையிலும் முட்டுக் கொடுக்காவிட்டால் கம்பியின் இழுவையே அதைச் சாய்த்துவிடும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான் என்றால் அவரை ஊர் இத்தனை மதித்திருக்காது. வேலி என்பது எல்லை. கல்முனை மாநகர எல்லைக்குள் இருபத்துச் சொச்சம் சதுர கிலோமீற்றரில் ஒரு இலட்சம் பேரளவில் வாழ்கிறார்கள். இலங்கையில் இவ்வளவு நெருக்கமான ஊர்கள் அதிகமில்லை. இங்கே காணி ஏக்கரில் பேசப்படுவதில்லை, பேர்ச்சில் பேசப்படுகிறது. ஒரு பேர்ச் என்றால் 272 சதுர அடியும் சொச்சமும். அறுபது அடி நீள வேலி ஒரு முழம் உள்ளே போனால் தொண்ணூறு சதுர அடி போய்விடும், அதாவது பேர்ச்சில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து பேர்ச், ஆறு பேர்ச் வளவில் வாழ்கிறவருக்கு அது ஒரு குசினி.

வேலி வேண்டுமென்று நகர்த்தப்படுவதைவிடத் தானாக நகர்வதே அதிகம் என்பது வேலிக் காக்காவின் அனுபவம். சாய்ந்த கட்டையை நிமிர்த்தச் சோம்பி, சாய்ந்த நுனிக்கு நேரே புதுக்கட்டை நடுவார்கள். அடுத்த திருத்தத்தில் இன்னொரு சாண். இருபது முப்பது வருடத்தில் எல்லை வயிறு தள்ளி நிற்கும். பின்பு சட்டம் குறுக்கே வரும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையின்றி, மற்றவரின் உரிமைக்கு எதிராக, தனதென்று ஆண்ட நிலத்துக்கு உரிமை கோரலாம். ஆகவே கோணிப்போன வேலியைப் பத்து வருடம் யாரும் பேசாமல் விட்டுவைப்பது ஆபத்து. பேசினாலோ சண்டை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கு வரும் பிணக்குகளில் வேலிப் பிணக்கு பழகிய விருந்தாளி. அதற்கு முன்பே பள்ளிவாசல் மரைக்கார்மார் கூடிப் பேசித் தீர்ப்பதும் உண்டு.

அதனால் அவர் நூல் பிடிக்கும்போது இரண்டு வீட்டாரும் நிற்க வேண்டும். இது அவர் விட்டுக்கொடுக்காத நிபந்தனை. ஒருவர் கொழும்பிலோ கட்டாரிலோ இருந்தால் அவருடைய மச்சானோ மாமாவோ வந்து நிற்க வேண்டும். மூலையிலிருந்து மூலைக்கு நூல் இழுத்துக் கட்டி, “பாருங்க, இதுதான் கோடு. ரெண்டு பேருக்கும் பொருத்தமா?” என்று கேட்பார். பொருத்தம் என்ற சொல் இரண்டு வாயிலிருந்தும் வந்த பிறகுதான் முதல் குழி. அளவைப்படம் இருந்தால் எல்லைக் கல்லைத் தோண்டிப் பார்ப்பார். ஒருவர் மட்டும் தொழுகைக்குப் போன நேரத்தில் “சட்டெண்டு ஒரு சாண் தள்ளி நட்டிருங்க காக்கா” என்று மற்றவர் காதோடு சொன்ன வீடுகள் உண்டு. அந்த வேலையை அவர் செய்வதில்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஊரில் குத்பாவில் கேட்காதவர் யாருமில்லை. அலவாங்கு பிடிக்கிறவரின் கழுத்தும் அதில் சேருமா என்று அவர் ஒரு மௌலவியிடம் கேட்டுத் தெளிந்துகொண்டாராம்.

இந்தக் கரையின் வேலிகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அம்பாறைக் கரையோர முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணம் என்றால் சீதனமாக வீடும் வளவும் அவள் பேரில் போகும். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். தாய் வழியாகக் குடி எண்ணும் வழக்கமும் இதோடு சேர்ந்தது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பெருநூல் 2008இல் வெளிவந்தது. ஒரு உம்மாவின் வளவு மூன்று மகள்மாருக்கு மூன்று துண்டாகும். அப்போது நடப்படும் வேலி அந்நியரைத் தடுக்கும் வேலி அல்ல. இங்கால ராத்தா, அங்கால தங்கச்சி, நடுவில் ஒரு கிடுகு மறைப்பு.

அந்த மறைப்பில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து போகும் அளவில், குசினிக்கு நேரே, கிடுகைச் சற்று விலக்கிவிட்ட இடைவெளி. தேங்காய்ப்பால் கிண்ணம், நோன்புக் கஞ்சி, அழுகிற பிள்ளை எல்லாம் அதனூடாகப் போய்வரும். பெண்கள் தெருவுக்கு இறங்காமல் நாள் முழுவதும் நாலைந்து வீட்டுக்குப் போய் வந்துவிடுவார்கள். வேலி திருத்த வந்த அனுபவமில்லாதவர் இதைப் பழுது என்று நினைத்து அடைத்துவிடுவார். வேலிக் காக்கா முதலில் வீட்டுப் பெண்களிடம் கேட்பார். “பொட்ட என்ன செய்ய, புள்ள?” நிந்தவூரில் ஒரு வீட்டில் இரண்டு சகோதரிகள் ஏதோ மனத்தாங்கலில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மூத்தவர் பொட்டை அடைக்கச் சொன்னார். காக்கா அடைத்தார், ஆனால் ஆணியடிக்காமல், கயிற்றால் அவிழ்முடிச்சுப் போட்டு. அடுத்த திருத்தத்துக்குப் போனபோது கயிறு அங்கே இல்லை. யார் அவிழ்த்தது என்று அவர் கேட்கவுமில்லை.

கிடுகு பின்னுவது பெண்களின் கை. ஓலையை நடு மட்டையில் இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையானதும் ஒன்றுவிட்டு ஒன்று கோத்துப் பின்னுவார்கள். ஊறாத ஓலையில் பின்னிய கிடுகு ஒரு கச்சானையும் தாங்காது. ஊறியதென்றால் இரண்டு மாரி பார்க்கலாம். வேலியில் கட்டும்போது கீழ் வரிசையை முதலில் கட்டி, அதன் தலையை மேல் வரிசை மூடும்படி படிப்படியாக ஏற வேண்டும். அடிக்கிடுகு மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் கறையானுக்கு ஏணி. அந்த இடைவெளிக்குப் பனைமட்டையை வரிசையாகச் செருகிவிடுவார். இன்று பலர் கிடுகுக்குப் பதில் தகரம் கேட்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. காற்றுப் போக இடமின்றித் தகரம் அடைத்தால் வாடையில் முழு வேலியும் பாயாகி இழுக்கும் என்பதால் கட்டைகளை நெருக்கி நடச் சொல்வார், செலவு ஏறும் என்பதையும் முன்னமே சொல்லிவிடுவார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது உயிர்வேலி. கட்டை உக்கும், கதியால் வளரும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கிளிசறியா இன்று இலங்கையில் எந்தக் கிராமத்திலும் உண்டு. 2005இல் அரசு அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. முற்றிய கிளையை ஆளுயரத்துக்கு வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, பட்டை நசுங்காமல் பார்த்து, மழைக்குச் சற்று முன்னே நட வேண்டும். மேல் நுனியையும் சரிவாக வெட்டினால் தண்ணீர் நின்று அழுகாது. தலைகீழாக நட்டுவிட்டால் போச்சு. வேர்விடத் தூண்டும் சாறு கிளைக்குள் நுனியிலிருந்து அடி நோக்கித்தான் இறங்கும். தலைகீழான கதியால் சில கிழமை பச்சையாக நின்று ஏமாற்றிவிட்டுக் காயும். அதனால் வெட்டும்போதே அடியைக் கூராகச் சீவி, நுனியிலிருந்து வேறுபடுத்தி வைப்பார்.

கடலுக்கு நெருங்கிய வளவுகளில் கிளிசறியா சோர்ந்துபோகும். அங்கே பூவரசு. உப்புக்காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் அது அசையாது. கைத்தடிப் பருமனுள்ள போத்தும் மணலில் வேர்விடும். உயிர்மரத்தில் முள்ளுக்கம்பியை நேரே ஆணியடிப்பதை அவர் அனுமதிப்பதில்லை. சில வருடத்தில் மரம் பருத்துக் கம்பியை விழுங்கிவிடும். பிறகு கம்பியையும் மாற்ற முடியாது, மரத்தையும் அறுக்க முடியாது, வாளின் பல்தான் உடையும். மரத்தோடு ஒரு வரிச்சுத்தடியைத் தளர்வாகக் கட்டி, ஆணியை அந்தத் தடியில் அடிப்பதே முறை.

முள்ளுக்கம்பியைப் பற்றியும் அவருக்குச் சொல்ல உண்டு. 1874இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற அந்தக் கம்பி இரட்டைப் புரியாக முறுக்கப்பட்டது. முறுக்கு இருப்பதால்தான் முள் நழுவாது, வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும்போது கம்பியும் அறாது. யூ ஆணியை முழுதாக அடித்து நசுக்கினால் அந்த நெகிழ்வு போய்விடும், நாகப்பூச்சும் உடையும். உடைந்த இடத்தில் கடற்காற்று துருவைத் தொடங்கும். கம்பி ஆணிக்குள் சறுக்கும் அளவு இடம் விட வேண்டும். ஆணியின் இரு காலும் மரத்தின் ஒரே நாரில் இறங்காதபடி சற்றுச் சரித்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டை பிளக்கும்.

கொங்கிறீட் கட்டை வந்தபோது வேலித்தொழில் முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு. கடற்கரையில் நடந்தது வேறு. உப்பு மணலிலும் உவர்த் தண்ணீரிலும் வார்த்த கட்டைக்குள் இரும்புக்கம்பி உள்ளிருந்தே துருப்பிடித்தது. துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும். கட்டை நெடுக்காக வெடித்தது. ஆற்று மணலும் நல்ல தண்ணீரும் கொண்டு, கம்பிக்கு மேல் போதிய சீமெந்து மூடி வார்த்த கட்டைகள் அதே கரையில் இன்னும் நிற்கின்றன. வெடிப்பு விழுந்ததைப் பூசி மறைப்பதில் பயனில்லை. அவர் அதைப் பிடுங்கிவிடுவார்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்புக் கரையைத் தாக்கியபோது வேலிக் காக்கா பையனாக இருந்தார். மட்டக்களப்பில் தென்னைகளில் பெரும்பகுதி சாய்ந்தது. கல்முனைப் பக்கத்திலும் வேலி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கிடுகுக்கே பஞ்சம் வந்த அந்த வருடங்களில், விழுந்த தென்னையைப் பிளந்து வேலி அடைத்த வாப்பாவின் பக்கத்தில் நின்று நூல் பிடித்தார். தொழில் அப்படித் தொடங்கியது.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை வேறு மாதிரி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டிலேயே அதிக இழப்பு இங்கே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கடலோரத்தில் வீடு இருந்த இடம் எது, தெரு இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. ஜனாஸாக்களை அடக்கிய பின், மாதங்கள் கழித்து, மீண்டவர்கள் தங்கள் வளவைத் தேடி வந்தார்கள். எல்லைக் கற்கள் புரண்டு போயிருந்தன. உறுதிகள் கடலோடு போயிருந்தன. அப்போது வேலிக்காரர்களின் ஞாபகம் உதவியது. கிணற்று வளையத்திலிருந்து எத்தனை எட்டில் பழைய மூலைக்கட்டை, அந்தத் தென்னங்குற்றி யார் பக்கம் என்று அவர்கள் நடந்து காட்டினார்கள். வேலிக் காக்கா மணலைத் தோண்டிப் பூவரசின் வேரைத் தேடினார். மரம் முறிந்தாலும் வேர் கோட்டில் நின்றது. சில இடங்களில் துளிர்த்தும் இருந்தது. ஒரு வேர் வரிசையை வைத்தே தகராறில்லாமல் பிரிந்த வளவுகள் அந்தக் கரையில் உண்டு.

பிறகு கடலோரத்தில் வீடு கட்டத் தடைசெய்த கட்டுப்பாட்டு வலயம் வந்தது: முதலில் கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள், பின்னர் இங்கே 65 மீற்றர் என்று குறைந்தது. மருதமுனையில் அந்த எண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயரானது. வயல் பக்கம் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. உம்மாவும் மகள்மாரும் ஒரே வளவில் பொட்டு வைத்து வாழ்ந்தவர்கள் வெவ்வேறு வரிசைகளிலும் மாடிகளிலும் போய் விழுந்தார்கள். புது வீட்டுப் பத்திரங்கள் பல குடும்பத் தலைவர் என்று ஆணின் பேரில் எழுதப்பட்டதும் இந்தக் கரையின் வழக்கத்துக்கு மாறான செயல். வீடு கட்டிக் கொடுத்தவர்கள் அந்த வழக்கத்தைக் கேட்டறிந்திருக்க வேண்டும்.

தெற்கே ஒலுவிலில் அவர் மறுத்த வேலை ஒன்று உண்டு. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் கரையோர மணல் ஓட்டத்தை மறித்த பின், வடக்கே கரை அரிக்கத் தொடங்கியது. தென்னந்தோட்டங்கள் வேரோடு கடலில் சரிந்தன. தோட்டக்காரர் ஒருவர் கடல் பக்க வேலியை உள்ளே தள்ளி நடச் சொன்னார். வேலிக் காக்கா போய்ப் பார்த்துவிட்டுக் கூலி வாங்காமல் திரும்பினார். அடுத்த அலையில் போகப்போகிற வேலிக்குக் காசு வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

வளைகுடாப் பணம் வந்த பின் ஊரில் மதில்தான் மதிப்பு. மதிலுக்கு நியாயமும் உண்டு: மறைப்பு நிரந்தரம், ஓலைச் செலவில்லை. ஆனால் மதில் எழுந்த ஒழுங்கைகளில் மாரி வெள்ளம் நாட்கணக்கில் நிற்பதை எவரும் காணலாம். வேலியடியால் வளவுக்கு வளவு கசிந்து வயலுக்கு இறங்கிய தண்ணீருக்கு இப்போது போக்கில்லை. மதில் கட்டுகிற மேசன்மாரிடம் அடியில் சாணளவில் ஒரு துவாரம் விடுமாறு அவர் மன்றாடிக் கேட்கிறார். பக்கத்து வீட்டார் தன் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்கக்கூடாது என்ற நபிமொழி இருக்கும்போது, பக்கத்து வீட்டுத் தண்ணீருக்கு ஒரு துவாரம் பெரிதா என்பது அவர் கேள்வி. சிலர் விடுகிறார்கள்.

கூலி விஷயத்தில் கொந்தராத்துப் பேச்சு அவரிடம் இல்லை. நாட்கூலி, மத்தியானச் சோறு, இடையில் தேத்தண்ணி. செலவை இரண்டு வீட்டாரும் பாதிப்பாதி ஏற்பது பழைய வழக்கம். ஒருவருக்கு முடியாவிட்டால் அவர் கம்பு தருவார், அல்லது வீட்டுப் பெண்கள் கிடுகு பின்னித் தருவார்கள். வேலை முடிந்த முதல் மழைக்குப் பிறகு அவர் ஒருதரம் வந்து, நனைந்து சுருங்கிக் காய்ந்து தளர்ந்த கயிறுகளை இறுக்கி, சாய்ந்த கதியால்களை நிமிர்த்திவிட்டுப் போவார். அதற்குத் தனிக்கூலி கிடையாது. இந்த ஐப்பசிக்கு அவருடைய பட்டியலில் மருதமுனையில் இரண்டு வேலி, காரைதீவில் ஒன்று. காரைதீவு வேலியின் ஒரு பக்கம் தமிழ்க் குடும்பம், மறுபக்கம் முஸ்லிம் குடும்பம். இரண்டு வீட்டாருமே அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். பூவரசம் போத்துகளை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாயிற்று.